வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் தரவு அறிவியல் முதுகலை: செமஸ்டருக்கு எத்தனை பாடம் எடுக்கலாம்?

முகில்

வணக்கம். முழுநேர வேலையில் இருக்கிறேன். எஸ்.க்யூ.எல் (தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழி), மாதாந்திர அறிக்கைகள், டாஷ்போர்டு, இவைதான் என் அன்றாடம். பைத்தான் மொழியில் தேவைக்கு நிரல் எழுதுவேன். இப்போது தரவு அறிவியலில் இணையவழி முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று கிரெடிட் வீதம் பத்துப் பாடங்கள், அதற்கு மேல் ஒரு திட்டப்பணி. வகுப்பு தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுத்தால் இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் கல்லூரியில் படித்த கணிதத்தைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் சின்னக் குழந்தையும் இருக்கிறது. படித்து முடித்தவர்களும் இப்போது படிப்பவர்களும் சொல்லுங்கள். இரண்டு பாடம் தாங்குமா? இந்த மூன்று மாதத்தை எதில் செலவிடுவது?

இரவாடி

முதல் செமஸ்டரில் ஒன்றே ஒன்று எடுங்கள். ஒரு பாடம் எவ்வளவு நேரம் கேட்கும் என்பது பாடத்திட்டத்தைப் படித்தால் தெரியாது. முதல் இரண்டு அசைன்மென்ட் வந்த பிறகுதான் தெரியும்.

அளவுகோல்

இரவாடி சொன்னதை எண்களில் பார்க்கலாம். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு, சுமார் 15 வாரம். அப்படியானால் மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம், செமஸ்டர் முழுக்க 135 மணி நேரம். ஐரோப்பாவில் ஒரு இ.சி.டி.எஸ் (அங்குள்ள பொதுவான கிரெடிட் முறை) கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். 90 கிரெடிட் முதுகலைக்கு அது 2,250 முதல் 2,700 மணி நேரம் வரை வரும்.

இதெல்லாம் தாளில் உள்ள கணக்கு. கணிதம் மறந்துபோயிருந்தாலோ, நிரல் ஓடாமல் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டாலோ அந்த 9 மணி நேரம் 15 ஆகிவிடும். இரண்டு பாடம் எடுத்தால் 30. முழுநேர வேலைக்கு மேல் வாரம் 30 மணி நேரத்தைப் பல மாதங்களுக்கு யாராலும் தொடர்ந்து கொடுக்க முடியாது.

இன்னொன்று, இது மணிக்கணக்கை விட முக்கியம். நேரம் எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். அரை மணி, முக்கால் மணி எனத் துண்டு துண்டாகக் கிடைப்பதில் வீடியோ பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், மன்றத்தில் கேள்வி கேட்கலாம். ஒரு நிரூபணத்தை அடியொற்றிப் போகவோ, தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் மாடல் ஏன் குவியவில்லை, அதாவது பயிற்சியில் அதன் பிழை ஏன் குறைந்து நிலைபெறவில்லை என்று தேடவோ முடியாது. அந்த வேலைக்குத் தொடர்ச்சியாக இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். வாரத்தில் அப்படிப்பட்ட இடையூறில்லாத நேரம் எத்தனை முறை கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று தேறும். ஒரு பாடத்துக்கு அது சரியாக இருக்கும்.

சுடரொளி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுத்துப் படிப்பவர்களில் நானும் ஒருத்தி, நன்றாகவே போகிறது. எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணிதம் கனமாக உள்ள பாடம் ஒன்று, நமக்கு ஏற்கெனவே பழக்கமான பாடம் ஒன்று என்று எடுத்தால் தாங்கும். முகிலுக்கு எஸ்.க்யூ.எல் கைவந்தது. தரவுத்தளப் பாடம் அவருக்குப் பாதி நேரத்தில் முடிந்துவிடும், அதோடு நிகழ்தகவை எடுக்கலாம். மெஷின் லேர்னிங்கையும் (தரவிலிருந்து கணினி கற்பது) ஆழ்கற்றலையும் (அதையே பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்கால் செய்வது) ஒரே செமஸ்டரில் எடுக்காதீர்கள். இரண்டுமே ஐந்தாறாவது வாரத்தில் ஒன்றாக இறுக ஆரம்பிக்கும்.

முதல் செமஸ்டரில் ஒன்று என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடைசி வரை ஒன்றொன்றாகவே போனால் மூன்று, நான்கு வருடம் ஆகிவிடும். அதற்குள் வேலை மாறும், பொறுப்புகள் கூடும், தொடங்கும்போது இருந்த வேகம் தணியும். படிப்பு நீண்டுபோவதும் ஓர் ஆபத்துதான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அளவுகோல்

சுடரொளி, நீளம் பற்றிச் சொன்னது சரியான வாதம். கோடைக்கால செமஸ்டரும் நடத்தும் பல்கலைக்கழகம் என்றால் வருடத்துக்கு மூன்று பாடம் முடியும், நடுவில் ஒன்றிரண்டு முறை இரண்டாக எடுத்தால் மூன்று வருடத்துக்குள் வந்துவிடலாம். முகில், உங்கள் பல்கலைக்கழகம் அதிகபட்சம் எத்தனை வருடம் தருகிறது என்று விதிமுறையில் பாருங்கள். ஜார்ஜியா டெக் 2014இல் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுகலையில் ஆறு வருடம் வரை தருகிறார்கள். வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து அமைத்த படிப்புகளில் இப்படி இடம் இருக்கும்.

நிகழ்தகவு

முகிலின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் இப்படி ஓர் இணையவழிப் படிப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். பாதியில் விலகுபவர்கள் பலரையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நிரல் எழுதத் தெரியாமல் விலகுபவர்கள் குறைவு. விரிவுரையில் ஒரு சமன்பாடு வந்தவுடன் அதை வாசிக்க முடியாமல் நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். இவர்கள் அலுவலகத்தில் கெட்டிக்காரர்கள், பாண்டாஸில் (பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் கருவி) கை வேகமாக ஓடும். ஆனால் ஒரு சார்பை இரண்டு மாறிகளைப் பொறுத்துப் பகுதி வகையிடல் செய்யச் சொன்னால் தயங்குகிறார்கள்.

அதனால் மூன்று மாதத்தையும் கணிதத்துக்கே கொடுங்கள். பைத்தான் போகப் போக வந்துவிடும், கணிதம் அப்படி வராது.

லீனியர் அல்ஜீப்ராவில் (வெக்டர்கள், அணிகள் பற்றிய கணிதம்) தொடங்குங்கள். அணிப் பெருக்கலை எண்களைப் பெருக்கிக் கூட்டும் வேலையாகப் பார்க்காமல், அணியின் நெடுவரிசைகளின் சேர்க்கையாகப் பார்க்கப் பழகுங்கள். அது பழகிவிட்டால் வீழல் (projection), தரம் (rank), ஐகன் மதிப்பு, எஸ்.வி.டி (அணியை எளிய அணிகளாகப் பிரிக்கும் முறை) எல்லாம் வரிசையாகப் பிடிபடும். எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடத் தளமான ஓப்பன் கோர்ஸ்வேரில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகள் (பாட எண் 18.06) முழுவதும் இலவசமாக இருக்கின்றன. மீச்சிறு வர்க்க முறை (பிழைகளின் வர்க்கக் கூட்டலைக் குறைத்துக் கோடு பொருத்துவது) என்பது ஒரு வெக்டரை இன்னொரு தளத்தின் மேல் விழவைப்பதுதான் என்று அவர் காட்டும் இடம் வரை வந்துவிட்டால், ரிக்ரெஷன் (மாறிகளை வைத்து ஓர் எண்ணைக் கணிப்பது) பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. வகைநுண்கணிதத்தில் சங்கிலி விதியும் பகுதி வகையீடும் போதும்.

நிகழ்தகவுக்கு ஒரு சின்னச் சோதனை தருகிறேன். 10,000 பரிவர்த்தனைகளில் 100 மோசடி. ஒரு மாடல் மோசடிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல பரிவர்த்தனைகளில் 5 சதவீதத்தைத் தவறாக மோசடி என்கிறது. அது மோசடி என்று காட்டிய ஒரு பரிவர்த்தனை உண்மையிலேயே மோசடியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? கணினியைத் தொடாமல் தாளில் போடுங்கள்.

100 மோசடியில் 90 மாட்டும். மீதி 9,900 நல்லவற்றில் 5 சதவீதம், அதாவது 495, தவறாக மாட்டும். ஆக மொத்தம் 585 எச்சரிக்கை, அதில் 90தான் மோசடி. ஏறக்குறைய 15 சதவீதம். இப்போது இதே மாடலின் துல்லிய விகிதத்தைப் பாருங்கள். சரியாகச் சொன்னவை 90 மோசடி, 9,405 நல்லவை, மொத்தம் 9,495. அதாவது 94.95 சதவீதம். எதைக் கேட்டாலும் 'மோசடி இல்லை' என்று மட்டும் சொல்லும் ஒரு மாடலுக்கு 99 சதவீதம் வரும்! அது ஒரு மோசடியைக்கூடப் பிடிக்காது. இந்த மூன்று எண்களும் ஏன் இப்படி வருகின்றன என்று இன்னொருவருக்கு விளக்க முடிந்தால், பேய்ஸ் தேற்றமும் (புதுத் தகவல் வந்ததும் நிகழ்தகவைத் திருத்தும் விதி) மதிப்பீட்டு அளவைகளும் வரும் வாரத்தில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. திணறினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பேனா எடுத்துக் கணக்கைப் போட்டால்தான் எது புரியவில்லை என்று தெரியும்.

கைமண்

அடிப்படையான ஒன்றைக் கேட்கிறேன். முதுகலை எதற்கு? 2011இல் ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ இங் தன் மெஷின் லேர்னிங் வகுப்பை இலவசமாக இணையத்தில் திறந்துவிட்டார், ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அன்றிலிருந்து இன்று வரை எல்லாமே வெளியில் கிடைக்கிறது. மேலே நிகழ்தகவு சொன்ன ஸ்ட்ராங் வகுப்பும் இலவசம்தான். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு நல்ல திட்டப்பணி இரண்டு போதாதா?

வெண்பா

பதிவு செய்த ஒரு லட்சம் பேரில் கடைசி வரை முடித்தவர்கள் சிறு பகுதிதான், கைமண். பொருள் கிடைப்பது ஒன்று, கெடு வைத்து, மதிப்பெண் போட்டு, 'உன் வாதத்தில் மூன்றாவது படி தவறு' என்று ஒருவர் எழுதி அனுப்புவது இன்னொன்று. எனக்கு அந்தத் திருத்தங்களில்தான் பெரும்பகுதி படிப்பு நடந்தது. எதை முதலில் படிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தனியாக அலைவதும் மிச்சம். பல இடங்களில் ஆராய்ச்சி சார்ந்த பணிகளுக்கு விண்ணப்பத்தை வடிகட்டும்போதே முதுகலை கேட்கிறார்கள், அதையும் மறுக்க முடியாது.

அதே சமயம் உங்கள் கேள்வியை நான் தள்ளவில்லை. தற்போதைய நிறுவனத்துக்குள்ளேயே பகுப்பாய்வுப் பிரிவுக்கு மாற வேண்டும், அவ்வளவுதான் நோக்கம் என்றால் முதுகலை தேவைப்படாமல் போகலாம். முகில் அதை முதலில் தெளிவு செய்துகொள்வது நல்லது.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் கோர்செரா என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்தும் தரவு அறிவியல் முதுகலையில் பழைய மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை. குறிப்பிட்ட தொடக்கப் பாடங்களை பி சராசரியோடு முடித்தால் அதுவே சேர்க்கை. பாடங்களும் ஒரு கிரெடிட் அளவில் சின்னச் சின்னதாக இருக்கும். தாங்குமா என்று இறங்கிப் பார்க்க இது நல்ல அமைப்பு.

நெடுவழி

வெண்பாவுக்கு ஆதரவாக ஒன்று. எந்த முதுகலை என்பதும் முக்கியம். பல படிப்புகள் கருவிகளைச் சுற்றிக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. பாடத்திட்டத்தை எடுத்து, கருவிப் பெயர்கள் எத்தனை, கருத்துகள் எத்தனை என்று பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கையாளும் ஹடூப் 2006இல் வந்தது. சில வருடம் அது இல்லாத வேலை விளம்பரமே கிடையாது. அப்புறம் ஸ்பார்க் வந்து அதன் இடத்தைப் பெருமளவு பிடித்தது. நியூரல் நெட்வொர்க் உருவாக்கும் கருவியான டென்சர்ஃப்ளோ 2015இன் இறுதியில் வெளியானது. ஓரிரு வருடத்தில் பைடார்ச் வந்தது, இன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலும் அதுதான். இன்னொரு பக்கம் பாருங்கள். மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்த்ர் வெளியிட்டது 1805. கிரேடியன்ட் டிசென்ட் (சரிவின் வழியே படிப்படியாக இறங்கிப் பிழையைக் குறைப்பது) கணிதவியலாளர் கோஷியிடமிருந்து, 1847. பி.சி.ஏ (பல மாறிகளைச் சில முக்கியத் திசைகளாகச் சுருக்குவது) பியர்சனுடையது, 1901. ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிப்பது) பிரைமனின் 2001 கட்டுரை. நியூரல் நெட்வொர்க் பயிற்சி இன்றைக்கும் கோஷியின் யோசனையின் வாரிசுகளால்தான் நடக்கிறது. வேலையில் இருப்பவர் கருவியை அலுவலகத்திலேயே கற்றுக்கொள்வார். பல மாலைகளையும் விடுமுறைகளையும் கொடுத்துப் படிப்பதென்றால், அலுவலகம் ஒருநாளும் சொல்லித்தராததைப் படிக்க வேண்டும். புள்ளியியல் அனுமானம், சோதனை வடிவமைப்பு, காரண காரிய ஆய்வு, இந்த மூன்றும் இல்லாத தரவு அறிவியல் முதுகலையில் நான் சேரமாட்டேன்.

கைமண்

இதை ஏற்றுக்கொள்கிறேன். காரண காரிய ஆய்வைத் தனியாக வீடியோ பார்த்துக் கற்க முயன்றவர்கள் அதிகம் பேர் தேறியதாக நானும் பார்த்ததில்லை.

இரவாடி

அலுவலகம் பற்றி யாரும் பேசவில்லை, அதைச் சொல்கிறேன்.

மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துப் படிப்பவர்கள் தேர்வு வாரத்தில் விடுப்புக்குக் காரணம் தேடிக் கஷ்டப்படுகிறார்கள். செமஸ்டர் தொடங்கும்போதே தேர்வுத் தேதிகளை நாட்காட்டியில் போட்டு, 'இந்த இரண்டு வாரத்தில் புது வெளியீடு வேண்டாம்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தருகிறது என்றால் அந்த ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். எந்த கிரேடுக்குக் கீழே போனால் கிடைக்காது, பாடத்தை நடுவில் விட்டால் என்ன ஆகும், முடித்த பிறகு எவ்வளவு காலம் அங்கேயே இருக்க வேண்டும், மூன்றும் அதில் இருக்கும்.

அலுவலகத் தரவை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அசைன்மென்ட்டுக்கு எடுக்காதீர்கள். பெயர்களை நீக்கிவிட்டேன் என்பது போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே பல சமயம் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் படித்ததை அலுவலகத்துக்கு எடுத்துப் போவதில் எந்தத் தடையும் இல்லை, இந்த வழியில் படிப்பதில் எனக்குப் பிடித்ததே அதுதான். எங்கள் குழுவில் எந்த வாடிக்கையாளர் விலகப்போகிறார் என்று கணிக்கும் மாடல் ஒன்று இருந்தது. ஏ.யு.சி (விலகுபவரையும் விலகாதவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற அளவு, 1 என்றால் முழுமை) 0.98. எல்லாருக்கும் சந்தோஷம். அந்த வாரம் எனக்கு வகுப்பில் தரவுக் கசிவு, அதாவது கணிக்கும் நேரத்தில் கிடைக்காத தகவல் பயிற்சித் தரவில் கலந்துவிடுவது பற்றிய பாடம். மாடல் எந்த மாறியை அதிகம் நம்புகிறது என்று எடுத்துப் பார்த்தேன். 'கடைசி அழைப்பின் காரணம்' என்று ஒரு புலம். அதை நிரப்புவது யார் என்று விசாரித்தால், வாடிக்கையாளர் கணக்கை மூடும்போது பேசும் ஊழியர்! விலகிய பிறகு எழுதப்பட்டதை வைத்து விலகலைக் கணித்துக்கொண்டிருந்தோம். அந்தப் புலத்தை எடுத்ததும் எண் நன்றாகவே இறங்கியது, ஆனால் அதன் பிறகுதான் அந்த மாடல் உபயோகப்பட்டது. தகவலைப் படித்த அதே வாரத்தில் அது கண்ணெதிரே வந்து நிற்பது முழுநேர மாணவர்களுக்குக் கிடைக்காத வசதி.

சுடரொளி

குழுப் பணி பற்றி ஒரு குறிப்பு. நாலு பேர் நாலு நேர மண்டலத்தில் இருப்பார்கள், அதில் மூன்று பேர் வேலைக்குப் போகிறவர்கள். எல்லாரும் ஒன்றாகப் பேசும் கூட்டம் வாரத்துக்கு ஒன்று போதும். மீதியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், யார் எந்தப் பகுதி என்பதை முதல் வாரத்திலேயே எழுதிப் போட்டுவிடுங்கள்.

வெண்பா

முகில், குழந்தை பற்றிச் சொன்னீர்கள். எனக்கும் இருக்கிறார்கள். குழந்தை தூங்கிய பிறகு படிக்கலாம் என்ற திட்டம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் மூளை ஓய்ந்திருக்கும். கனமான படிப்பை விடியற்காலைக்கோ வார இறுதிக் காலைக்கோ மாற்றிவிட்டு, இரவில் வீடியோவும் குறிப்பும் மட்டும் வைத்துக்கொண்டது எனக்குச் சரிப்பட்டது. துணைவரோடு உட்கார்ந்து வாரத்தில் எந்தெந்த நேரம் உங்களுடையது, எது அவருடையது என்று பேசி முடிவு செய்யுங்கள். பொதுவாக 'கொஞ்சம் உதவி செய்' என்று விட்டால் இருவருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். தூக்கத்தை வெட்டாதீர்கள். படித்தது மனதில் பதியத் தூக்கம் வேண்டும்.

நிகழ்தகவு

இன்னொன்றையும் சேர்க்கிறேன், இப்போது எல்லாரும் கேட்பது. சாட்பாட்டிடம் அசைன்மென்ட் நிரலை எழுதி வாங்கலாமா? முதலில் பாடத்தின் விதியைப் படியுங்கள், பாடத்துக்குப் பாடம் மாறும். விதி அனுமதித்தாலும், தானாக யோசிக்கும் முன் கேட்டு வாங்கியவர்கள் கண்காணிப்புத் தேர்வில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடுகிறது. நீங்களே எழுதி, ஓடவைத்து, அப்புறம் 'இதில் எங்கே தவறு இருக்கலாம்' என்று கேளுங்கள். வேலை பார்ப்பவருக்கு நேரம் குறைவு, அதனால்தான் இந்தக் குறுக்குவழி இழுக்கும். ஆனால் இவ்வளவு சிரமப்பட்டு ஒதுக்கிய நேரத்தில் யோசிக்கும் வேலையை வேறெதற்கோ கொடுத்துவிட்டால் அந்த நேரத்துக்கு என்ன பொருள்?

முகில்

அனைவருக்கும் நன்றி. நிகழ்தகவு தந்த கணக்கைப் படித்ததும் கீழே விடையைப் பார்க்காமல் போட்டேன். 15 சதவீதம் வந்தது, ஆனால் வெகு நேரம் எடுத்தது. எனவே மூன்று மாதமும் கணிதம், முதல் செமஸ்டரில் ஒரே பாடம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். முதல் பாடமாக நிகழ்தகவை எடுப்பதா, தரவுத்தளத்தை எடுப்பதா? நடுவில் முடியவில்லை என்றால் விட்டுவிட வழி இருக்கிறதா?

சுடரொளி

நிகழ்தகவு. கணிதம் சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தரவுத்தளத்தைப் பின்னால் கனமான ஒரு பாடத்தோடு ஜோடி சேர்க்க வைத்துக்கொள்ளலாம், இப்போதே செலவழித்துவிட வேண்டாம்.

அளவுகோல்

ஜோடிக்கு வைத்துக்கொள்வது நல்ல யோசனை. விடுவதைப் பற்றி: பொதுவாக இரண்டு கெடு இருக்கும். முதல் வாரத்திலோ இரண்டாவதிலோ வரும் முதல் கெடுவுக்குள் விட்டால் பதிவேட்டில் சுவடே இருக்காது, கட்டணமும் பெரும்பாலும் திரும்பும். அதற்குப் பிறகு செமஸ்டரின் பாதியைத் தாண்டி இன்னொரு தேதி வரும். அதுவரை விட்டால் மதிப்பெண் பட்டியலில் 'விலகியவர்' என்ற குறி விழும், ஆனால் சராசரியைப் பாதிக்காது. அந்தத் தேதியும் தாண்டினால் வாங்குகிற கிரேடு நிற்கும். சரியான தேதிகளை உங்கள் பல்கலைக்கழக நாட்காட்டியில் பார்த்து இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இடைத்தேர்வு முடிவு அந்த இரண்டாவது தேதிக்கு முன்னால் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் பேராசிரியருக்கு எழுதி, அதுவரை உங்கள் நிலை என்ன என்று கேட்கலாம். தயங்க வேண்டாம், அவர்களுக்கு இது பழகிய கேள்வி.